பனி மூடாத பலகை

லோர்னா ஹெக்ஸ்டட் மினசோட்டாவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். ஒரு ஜனவரிக் காலையில் நேரமாகிவிட்டதால், பேராசிரியர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் காரை நிறுத்தினாள். மாலையில் கண்ணாடியில் அபராதச் சீட்டு செருகியிருந்தது. எச்சரிக்கைப் பலகையைப் பனி மூடியிருந்ததாக மேல்முறையீடு எழுதிப் போட்டாள். அது பொய். பலகை பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் அபராதம் ரத்தானது.

அடுத்த வாரம், வளாகத்தில் பனி அள்ளும் வெர்ன் நூலகத்துக்கு வந்தார்.

"பலகையைத் துடைக்கலைன்னு எனக்கு மெமோ குடுத்துட்டாங்க, லோர்னா. துடைச்சதாத்தான் ஞாபகம். வயசாகுதுல்ல, மறந்திருப்பேன்" என்று சிரித்தார்.

அவர் தன்னையே சந்தேகப்பட்டது அவளைச் சுட்டது. அன்று மதியமே பார்க்கிங் அலுவலகத்தில் உண்மையை எழுதிக் கொடுத்து அபராதத்தைக் கட்டினாள். மெமோவை ரத்து செய்வதாகச் சொன்னார்கள். பிறகு வெர்னைத் தேடிப் போய், "பொய் எழுதுனது நான்தான், வெர்ன். மன்னிச்சிருங்க" என்றாள்.

அவர் மண்வாரியை ஊன்றியபடி அவளையே பார்த்தார்.

"மெமோ கெடக்கட்டும். எங்கப்பாவுக்கு வந்த மறதி எனக்கும் வந்துருச்சோன்னு பொண்டாட்டிகிட்ட அழுதேன், தெரியுமா?"

அவர் மறுபடி பனியை அள்ளத் தொடங்கினார்.