கோடு விட்ட கண்ணாடிப் பாசி

கல்லூரியில் அவளுக்குப் பாசி மேடம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே கொஞ்சம் யோசிப்பார். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. மலை ஓடைக் கற்களில் வழவழவென்று படிந்திருக்கும் பழுப்புப் பாசியைத் தேய்த்தெடுத்து, அமிலத்தில் கொதிக்கவைத்து, மிஞ்சுகிற கண்ணாடி ஓடுகளை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. டயாட்டம் என்ற அந்தப் பாசி ஒவ்வொன்றும் மூடி போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி.

அதில் புது இனம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அவள் அடித்துச் சொன்னாள். ஓட்டின் இருபுறமும் சீப்புப் பல் மாதிரி கோடுகள். ஒரு புறத்தில் மட்டும் நடுவே கோடில்லாமல் ஓர் இடைவெளி. அவள் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் பரிசீலித்த நிபுணரோ அசைந்துகொடுக்கவில்லை. டயாட்டம் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் பழைய ஓட்டுக்குள்ளேயே புது ஓடு செய்துகொள்வதால், தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே போகும். இனித் தாங்காது என்ற நிலையில் ஜோடி சேர்ந்து, மறுபடி பெரிதாகும். “நீங்கள் பார்த்தது தெரிந்த இனம் ஒன்றின் சிறுத்துப்போன கிழம். இடைவெளியும் அதனால் வந்ததே. பெரிய ஓடுகளைக் காட்டுங்கள், இல்லையேல் கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள்” என்று எழுதிவிட்டார்.

“கிழமாம் கிழம்! காட்டறேன் இருங்க” என்று கடிதத்தைப் பார்த்தே சவால் விட்டாள்.

ஜோடி சேர்ந்து பெரிதான ஓடுகள் மழைக்கு முன் கொஞ்ச நாள்தான் கிடைக்கும். மழை இறங்கினால் கல்லில் ஒட்டியதெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். வானம் கறுத்துக்கொண்டு வந்த அந்த நேரம் பார்த்து அவளுக்கு முழங்கால் வீங்கிக்கொண்டது. ஆகவே கணவர் கிளம்பினார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வீட்டில் பாத்திரம் தேய்ப்பது அவர் பொறுப்பு, அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஓடைக்கு ஒரு புது பிரஷ் என்பது அவள் வைத்திருந்த சட்டம். ஓர் ஓடைப் பாசி இன்னொன்றில் கலந்தால் எல்லாம் வீண். உறை பிரிக்காத பல்பிரஷ்ஷையும் பாட்டிலையும் கொடுத்து, “கல்லைத் தேய்ங்க, தேய்ச்ச தண்ணியை இதுல பிடிங்க. அவ்வளவுதான்” என்றாள். அவர் சரிவில் இறங்கினார், அவள் வண்டியில் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் மழை கொட்டத் தொடங்க, மனிதர் தொப்பலாக நனைந்து ஓடி வந்தார்.

ஆய்வகத்தில் பாட்டிலைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீர் தெளிவாக இருந்தது.

“ஏங்க, இது பழுப்பால்ல இருக்கணும்?”

“பழுப்பாத்தான் இருந்துச்சு. பொண்டாட்டிக்குப் போய் அழுக்குத் தண்ணியையா குடுக்கறதுன்னு கொட்டிட்டு, நல்ல தண்ணியா பிடிச்சேன். கல்லை நீ பாக்கணுமே, பளபளன்னு ஆயிடுச்சு!”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளியே மழை, ஓடை இந்நேரம் வெள்ளமாகியிருக்கும். ஐந்து வருட உழைப்பு போயே போய்விட்டது.

“பிரஷ் எங்க?”

“சட்டைப் பையில. கழுவத்தான் நெனச்சேன், மழை விடலம்மா.”

“கழுவலையா!” என்று அவள் போட்ட கூச்சலில் அவர் இரண்டடி பின்வாங்கினார்.

பிரஷ் நார்களைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து எடுத்துக் கொதிக்கவைத்தாள். மறுநாள் நுண்ணோக்கியில் வந்து நின்றன, முன்பு பார்த்ததைப் போல் இரு மடங்கு நீள ஓடுகள். பெரிய ஓட்டிலும் ஒரே புறத்தில் அதே இடைவெளி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. படங்களை அனுப்பினாள். நிபுணரிடமிருந்து ஒற்றை வரி வந்தது: “புது இனமே. தவறு என்னுடையது.”

அன்று கணவரை நுண்ணோக்கி முன் உட்காரவைத்துக் காட்டினாள். அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“இவ்வளவு அழகா இருக்கு. இதையா கொட்டினேன்? பாட்டில்ல எத்தனை இருந்திருக்கும்?”

“லட்சக்கணக்குல.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “பாவம், எல்லாம் செத்திருக்கும்ல?”

“எங்க கொட்டினீங்க?”

“ஓடையிலதான்.”

“அப்ப அதுங்க பொழைச்சுப் போயிருக்கும்” என்றாள் அவள். “பேர் வைக்கணும்னு கொதிக்கவச்சுக் கொன்னது நான்தாங்க.”