ஆரெண்டு தெரியாது

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். இன்று பிடித்த மீன் என்று சொன்னால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். அது ஒரு குறையென்று அப்போது நான் நினைத்ததில்லை.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்தபோது, ஆகஸ்ட் விடுமுறையில் தீவுப் பகுதி மாணவர்களுக்கு ஐந்து நாள் தலைமைத்துவ முகாம் நடந்தது. புங்குடுதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தங்கினோம். என்னைப் போன்ற கம்பஸ் பிள்ளைகள்தான் ஆலோசகர்கள். என் பொறுப்பில் பத்துப் பெண்பிள்ளைகள். முதல் நாளே அவர்களுடைய போன்களை வாங்கி ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டுப் பூட்டினேன். கடைசியில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் நான் அறிக்கை எழுதவேண்டும். அதைப் பார்த்துத்தான் குழுவுக்கு ஒருவரைக் கொழும்புப் பயிற்சிக்கு எடுப்பார்கள்.

பத்துப் பேரில் கெட்டிக்காரி நெடுந்தீவிலிருந்து வந்தவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் மற்றவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். முதல் நாள் பின்னேரமே கொழும்புக்கு இவள்தான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் மேல்மாடி யன்னலால் பார்க்கிறேன், அவள் பள்ளிக்கூட வாசல் படலையடியில் நிற்கிறாள். நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. ஒரு தடித்த கடித உறையை யன்னலுக்குள் நீட்டினாள். உள்ளேயிருந்து ஒரு ஆண்கை வாங்கிக்கொண்டது. பெடியன் விவகாரம், வேறென்ன என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை, துறையிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸிலிருந்து வேறொரு கை அவளுக்கு ஒரு உறையைக் கொடுத்தது.

தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றுக்குத் தீர்வு எழுதி அன்றைக்குத் தரும்படி முதல் நாளே சொல்லியிருந்தேன். அவள் குடிதண்ணீர் பற்றி எழுதியிருந்தாள். அருமையான திட்டம். ஆனால் பாதிக்குமேல் எழுத்து வேறு. அவளுடையது உருண்டைக் கையெழுத்து, இது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தனியே கூப்பிட்டேன்.

“இதை ஆர் எழுதினது?”

“என்ரை சிநேகிதி, அக்கா.”

“இஞ்சை உமக்கு ஆர் சிநேகிதி?”

“இஞ்சை இல்லை. நெடுந்தீவிலை நிக்கிறா. பஸ்ஸிலை குடுத்துவிட்டனான், அவ எழுதி அனுப்பினவ.”

“பஸ்ஸிலை ஆரிட்டைக் குடுத்தனீர்?”

“ஆரெண்டு தெரியாது, அக்கா. போட்டுக்குப் போற ஆக்கள்.”

நான் சிரித்துவிட்டேன். ஆரென்று தெரியாத ஆளிடம் கொடுத்தாளாம், அது கடல் தாண்டிப் போனதாம், அடுத்த நாள் எழுதித் திரும்பி வந்ததாம். நான் இதே புங்குடுதீவின் மடத்துவெளிக்காரி. எங்கள் தீவுக்குப் பாலம் இருக்கிறது, எதையும் நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம். பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருத்தமாகச் சொல்லக்கூடாதா என்று எரிச்சல்தான் வந்தது. அவள் தலையைக் குனியவும் இல்லை, அழவும் இல்லை. அழுத்தக்காரி என்று அதையும் அவள் கணக்கில் சேர்த்தேன்.

அறிக்கையில் எழுதினேன்: திறமை உண்டு, உண்மை பேசுவதில்லை.

கடைசி நாள் அவளைப் படகில் ஏற்றிவிடும் பொறுப்பும் என்னுடையது. குறிகட்டுவானில் இறங்கியதும் அவள் வயதுப் பிள்ளையொருத்தி ஓடிவந்து அவளுடைய பையை வாங்கினாள். காலைப் படகில் வந்து காத்திருந்தாளாம். வந்தவளின் கையில் ஒரு கொப்பி. எங்கள் முகாமின் முதல் நான்கு நாள் பாடமும் அதில் இருந்தது, இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில்.

“நெடுந்தீவுக்கு ஒரு இடம்தானே அக்கா தந்தவை,” என்றாள். “சீட்டுப் போட்டுப் பாத்தம், இவவுக்கு விழுந்திட்டுது. அதாலை நான் வீட்டிலை இருந்து செய்தனான்.” பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள். “கொழும்புக்கு எடுபட்டிட்டமோ?”

நான் வாயைத் திறக்குமுன் மற்றவள் முந்திக்கொண்டாள். “அக்காக்கு இன்னும் தெரியாது. வா, போட் வெளிக்கிடப் போகுது.”

அவர்களுக்கு முன்னால் ஒரு பெண் தன் மரக்கறிப் பையை, பேர்கூடக் கேட்காமல், படகில் நின்ற ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்த வழியே போனாள். அவர் அதைத் தன் காலடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே நிற்க வெட்கமாக இருந்தது.

படகு போனதும் முகாம் பொறுப்பாளருக்குப் போன் எடுத்தேன். நான் எழுதியது பிழை, அந்தப் பிள்ளை உண்மைதான் சொன்னவள், திருத்தவேண்டும் என்றேன்.

அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

“நெடுந்தீவிலை உமக்குச் சொந்தக்காரர் இருக்கினமோ?”

“இல்லை, சேர்.”

“அப்ப காலமை ஒண்டு எழுதித் தந்திட்டு இப்ப ஏன் மாத்தச் சொல்லுறீர்?”

உறைகளைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, சாய்ந்த கையெழுத்தைப் பற்றி ஒன்றும் விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரி, அதுகளைக் கொண்டுபோய்க் குடுத்தது ஆர்? அவையிட்டை ஒருக்கா விசாரிப்பம்.”

“ஆரெண்டு தெரியாது, சேர்.”

அவர் சிரித்தார். கொழும்புக்கு வேறொரு பிள்ளை போனாள்.