செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்தவர்கள்

நான் குடியிருக்கும் ஜெர்மன் ஊரில், வீடு எங்கே என்று கேட்பவரிடம் பக்கத்து நகரத்தின் பெயரைச் சொன்னால் உடனே திருத்துவார்கள். வாரம் இருமுறை வரும் ரொட்டி வண்டிக்காரர்கூடத் திருத்துவார். நகரத்தோடு இணைத்துப் பல பத்தாண்டுகளாகியும் இது தனி 'ஒர்ட்ஸ்டைல்', அதாவது ஊர்ப்பகுதி. அறுபது வீடுகள், ஓர் ஓடை, அதற்கு மேலே சுண்ணாம்புக் குன்று, சரிவில் ஆப்பிள் தோப்பு. அவ்வளவுதான்.

மலேசியாவில், பாயான் பாருவில் மின்னணுத் தொழிற்சாலையில் இருந்த நான் வேலை மாறி இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஓடையோரம், பழைய செங்கல் சூளைக்காரரின் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். போன வருடம் ஊர் வரலாற்று மன்றம் ஒரு புத்தகம் போட முடிவுசெய்து, அவரவர் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னது. பக்கத்து வீட்டு ஹெல்காவிடம் விசாரித்தேன். இங்கேயே பிறந்தவர், தொண்ணூறை நெருங்குகிறார்.

"போர்க்காலத்தில் பின்பக்கக் கொட்டகையில் போலந்துப் பெண்களைப் பூட்டிவைத்து வேலை வாங்கினார்கள்" என்றார். "எனக்கு ஏழு வயது. ஒருத்தி பெயர் யானினா. குளிரில் செத்துப்போனாள். எங்கே புதைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை."

அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். புத்தகம் வந்தது. ஓடை எப்போது திசை மாறியது, ஆலை யார் யார் கைக்குப் போனது, ஊர்க் காளையைப் பராமரித்தவர் யார், எல்லாம் இருந்தன. எங்கள் வீட்டுக்கு இரண்டே வரி: 'முன்னாள் செங்கல் சூளை. தற்போது வெளிநாட்டவர் குடியிருக்கிறார்.'

மன்றக் கூட்டத்துக்குப் போய்க் கேட்டேன். தலைவர் பிராண்ட், ஓய்வுபெற்ற நில அளவையாளர், சிரித்தார். "மன்னியுங்கள், உங்கள் பெயரை அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுகிறோம்."

"என் பெயரைக் கேட்கவில்லை. யானினாவின் பெயரைக் கேட்கிறேன்."

"இது ஊர்க்காரர்களின் புத்தகம். அவள் இந்த ஊர்க்காரி இல்லையே."

அதட்டிச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மையை எனக்குத் தெரியும். ஜார்ஜ் டவுன் ஓரத்தில் எங்கள் கம்பத்தை, நாங்கள் வாழ்ந்த சிற்றூரை, இடித்தபோது, அப்பா கரண்ட் பில்லை எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போனார். கூட நானும் போயிருந்தேன். "அண்ணே, ரெக்கார்டுல அங்க வீடே இல்ல லா. காலி நிலம்னுதான் இருக்கு" என்றார் அதிகாரி. அப்பா பிறந்ததே அந்தக் காலி நிலத்தில்தான். பத்தொன்பது வயதில் நான் வாய் திறக்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன். இன்றுவரை அது எரிகிறது.

இம்முறை திறந்தேன். "அவள் அறுத்த செங்கல்லில்தான் இந்தக் கூடம் நிற்கிறது. செங்கல் மட்டும் உங்கள் ஊர், அவள் வேற்றூரா?"

ஹெல்கா தான் தள்ளி நடக்கும் வண்டியைப் பிடித்து மெல்ல எழுந்தார். "நான் பார்த்தேன், பிராண்ட். உன் அப்பாவும் பார்த்தார்."

பிராண்ட் காகிதங்களை அடுக்கிக்கொண்டு கூட்டத்தை முடித்தார்.

மறுநாள் என் பக்கத்தைப் படியெடுத்து அறுபது தபால் பெட்டியிலும் போட்டேன். இரண்டு கிழிந்து திரும்பின. கிழியாமல் திரும்பிய இன்னொன்றில் பென்சிலால், 'மரியா என்றொருத்தியும் இருந்தாள்' என்று எழுதியிருந்தது. எழுதியவர் யாரென்று இன்றும் தெரியாது. புத்தகம் மாறவில்லை. பிராண்ட் எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

தம்பி குணாவிடம் போனில் இதைச் சொன்னேன். "உனக்கு எதுக்குக்கா இந்த வம்பு? நம்ம கம்பத்தப் பத்தியே ஒரு வரி கிடையாது லா" என்றான். சுருக்கென்றது. ஊரில் இருக்கும் குணாவும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கம்பத்தை வீடு வீடாக எழுதினேன். போனில் வாசிக்க வாசிக்க அப்பா திருத்தினார். "பைப்பு கோயிலுக்குப் பின்னால இல்லம்மா, முன்னால. வரிசையில நின்னு சண்ட போட்டது மறந்துருச்சா?"

நான்கு பக்கம் வந்தது. அதை வாசிக்க இங்கே தமிழ் தெரிந்தவர் இல்லை. கம்பம் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். தாள்களை மடித்து, ஜெர்மன் ஊர்ப் புத்தகத்தில் எங்கள் வீட்டுக்கான அந்த இரண்டு வரிக்கு மேலே செருகி வைத்தேன். புத்தகம் சரியாக மூடிக்கொள்ள மறுக்கிறது.