சத்தமில்லாமல் சுற்றிய சக்கரம்

இருபது வருடம் டீசல் வண்டி ஓட்டியவன் நான். சேற்றில் மாட்டினால் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத்தான் மிதிப்பேன். பேட்டரி லோடு வண்டி வாங்கிய புதிதில், செட்டிகுளம் பக்கம் வெங்காயம் ஏற்றப் போனேன். வெங்காயக் காட்டுக்குள் இறங்கினால் சார்ஜ் போய்விடும் என்று, மூட்டைகளைத் தார்ரோட்டுக்கே தூக்கி வரச் சொன்னேன். காட்டுக்கார அம்மா முறைத்த முறைப்பில் வண்டியை உள்ளே இறக்கினேன்.

முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. வண்டி நின்றது. சத்தமே வரவில்லையே என்று இன்னும் அழுத்தினேன்.

"நிறுத்துங்கண்ணே, சக்கரம் சும்மா சுத்துது!" என்று அந்த அம்மா கத்தினார்.

பின்சக்கரம் பாதி புதைந்திருந்தது. வண்டி ஓர் அடிகூட நகரவில்லை. திரையில் மட்டும், இன்னும் ஓடக்கூடிய தூரத்தில் மூன்று கிலோமீட்டர் குறைந்திருந்தது.

"வெறும் வண்டி வழுக்கத்தான் செய்யும். பின்னாடி நாலு மூட்டைய ஏத்துங்க" என்றார் அந்த அம்மா.

ஏற்றினோம். சக்கரத்தடியில் சோளத்தட்டையைப் போட்டு மெல்ல மிதித்தேன். வண்டி மேலேறி வந்துவிட்டது.

"காட்டுக்குள்ள வந்தா சார்ஜ் போயிடும்னீங்களே, நின்ன எடத்துலயே போயிடுச்சா?" என்று கேட்டார்.

டீசல் வண்டியாக இருந்திருந்தால், இன்ஜின் சத்தத்தில் காதில் விழாத மாதிரி போயிருப்பேன்.