'கரையுறேன்' என்று ஒரு பல்லவி

எங்கள் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தில் இரண்டு மாற்றங்கள். சத்தம் போய் சங்கீதம் வந்தது. நான் போய் வேறொருவன் வந்தான். இரண்டும் ஒன்றுதானே என்று கொச்சியில் எங்கள் பேட்டையான சுள்ளிக்கல்லில் சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு நல்ல காது.

முதல் ஆல்பத்தில் நான் தொண்டை கிழியக் கத்தியிருந்தேன். மட்டாஞ்சேரித் தமிழ்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து செய்த அந்த மகா காரியத்தை எங்கள் நாலு வீட்டாரும் கேட்டார்கள், வேறு வழியில்லாமல். பிறகு டிரம்ஸ்காரன் துபாய்க்குப் போனான். அவன் இடத்தில் ஒரு லேப்டாப் வந்து உட்கார்ந்தது. அது நேரத்துக்கு வந்தது, சாயா கேட்கவில்லை, சண்டை போடவில்லை. அதில் ருசி கண்டுவிட்டான் எங்கள் தலைவனான கிட்டார்காரன், என் பள்ளித் தோழன். ஒருநாள் என் தோளில் கை போட்டான். அவன் கை போட்டால் எனக்கு ஏதோ நஷ்டம் என்று அர்த்தம்.

"எடா, இனி நம்ம சவுண்டு சாஃப்ட். நீ பாட்டு எழுதினா மதி, அது போதும். பாடறதுக்கு வைட்டிலாலேருந்து ஒரு ஆளு கிட்டியிருக்கு."

பாடுவதைத் தவிர வேறெதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை. ஆகவே 'சரி' என்று பெருந்தன்மையோடு சொல்லி வைத்தேன்.

வந்தவன் மலையாளி. தமிழ் படிக்கத் தெரியாது. என் லட்சணம் மட்டும் என்ன? வீட்டில் பேசுவது தமிழ், எழுத வருவதோ மலையாளம். படித்த பள்ளிக்கூடம் அப்படி. தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மழையில் உப்பு மாதிரி 'கரையுறேன்' என்று பல்லவி. மலையாளத்தில் கரைவது என்றால் அழுவது. அவன் ஸ்டூடியோவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தான். கிட்டார்காரன் கண்ணை மூடித் தலையாட்டினான்.

"நிறுத்துங்கடா! இது அழற பாட்டில்லே, உப்பு கரையற பாட்டு" என்றேன்.

"சரி, எங்கில் நீயே ஒருக்கா பாடிக் காட்டு" என்றான் கிட்டார்காரன்.

உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இந்த மைக் முன்னால் நான் நிற்பது இதுதான் கடைசி என்று அப்போதுதான் உறைத்தது. முதல் வரி ஒழுங்காக வந்தது. அடுத்த வரியில் குரல் நடுங்கியது. பல்லவிக்கு வந்தபோது கண்ணீர் முகவாயில் சொட்டிக்கொண்டிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை, ஆனாலும் பாடி முடித்தேன்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த புதியவன் கதவைத் திறந்து, சந்தேகம் தீர்ந்த முகத்தோடு கேட்டான்.

"சேட்டா, ஞானும் இதுதானல்லே பாடியது?"