சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய காலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் வில்லாபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணவருக்கு மில் ஆபீஸில் வேலை, ஏழு மணிக்கே போய்விடுவார். எட்டரைக்கு நானும் கதவைப் பூட்டினால், மாலை ஐந்து வரை உள்ளே எங்கள் செவலை நாய் மட்டும்தான். குட்டியாக மழையில் நனைந்து வந்து நின்றதை நான்தான் எடுத்து வளர்த்தேன்.

அதற்கு எங்கள்மேல் என்ன கோபம் என்றே எனக்குப் பிடிபடவில்லை. நாங்கள் இருக்கும்போது அப்படியொரு சாது. போனதும் தலையணையைக் கிழிக்கும், பாயைக் குதறும், வாசற்கதவைப் பிறாண்டும். அது மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் ஆசை ஆசையாகப் போட்ட தேக்குக் கதவு. ஒருநாள் அதன் உட்புறத்தைத் தடவிப் பார்த்தவர், "டீச்சர், மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். நாயி வேணுமா வீடு வேணுமான்னு முடிவு பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாயைக் கொண்டுபோய் விட இடமும் இல்லை, மனசும் இல்லை.

கதவில் வேப்பெண்ணெய் தடவினேன். நக்கிவிட்டுப் பிறாண்டியது. டிரான்சிஸ்டரைப் பாடவிட்டுப் போனேன். அதன் தோலுறையைக் கடித்து வைத்திருந்தது. ஒருநாள் கிழிந்த தலையணையைக் காட்டி அடித்தேன். காதை மடக்கிக்கொண்டு என் காலையே நக்கியது. எதற்கு அடிவாங்கினோம் என்று அதற்கும் புரியவில்லை, எதற்கு அடித்தேன் என்று எனக்கும் புரியவில்லை. "நாய் வால நிமித்த முடியுமா? விடு" என்றார் கணவர். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டிப்போனேன். நோய் ஏதுமில்லை என்றவர், "கிளம்பும்போது என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார்.

"சொல்லிட்டுத்தான் சார் கிளம்புவேன். போயிட்டு வாரேன், சமத்தா இரு, சாயங்காலம் வந்துருவேன்னு தடவிக் குடுத்து..."

"எம்புட்டு நேரம்?"

"பத்து நிமிஷம் ஆகும்."

சிரித்துவிட்டார். "தினமும் இம்புட்டு நேரம் உருகுனா, ஏதோ ஆகப்போகுதுன்னு அது பதறாதா? இனிமே சொல்லாமக் கிளம்புங்க. மொதல்ல ரெண்டு நிமிஷம் வெளிய நின்னுட்டு வாங்க, அப்புறம் பத்து, அப்புறம் அரை மணி. வந்ததும் உடனே கொஞ்சாதீங்க."

எனக்கு அது ஒப்பவில்லை. சாவு வீட்டிலிருந்துதான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள். நன்றாக இருக்கும் வீட்டிலிருந்து அப்படிப் போகலாமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருபது தடவை நடந்தேன். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்த வீட்டுக்காரர், "என்ன டீச்சர், எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்றார். "ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல?

ஆனால் பலித்தது. இரண்டு வாரத்தில் புதுக் கீறல் நின்றது. மாசக் கடைசியில் வீட்டுக்காரர் கதவைத் தடவிப் பார்த்து, "பரவால்ல, இருக்கட்டும்" என்றார். நாய் தப்பித்தது. சந்தோஷப்படாமல் எனக்கு ஏனோ நெஞ்சு உறுத்தியது. நான் கிளம்பும்போது அது தலையைக்கூடத் தூக்காமல் மூலையில் படுத்திருந்தது. இதற்குத்தானே இவ்வளவு பாடுபட்டேன்? பிறகு ஏன் வலிக்கிறது?

ஒரு காலையில் தெருமுனை வரை போனவள் மனசு கேட்காமல் திரும்பி வந்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே போனேன். உள்ளே சத்தமே இல்லை. குனிந்து பார்த்தேன். கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த சந்தில் ஈர மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பிறாண்டவில்லை, குரைக்கவில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டே சும்மா இருந்தது.

அது தேறிவிட்டதா, அடக்கிக்கொள்ளப் பழகிவிட்டதா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கதவைத் திறக்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. பஸ் போய்விடுமே என்று கால்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

பஸ் ஸ்டாப்பில் நின்று வீடு இருக்கும் திசையைப் பார்த்து, "போயிட்டு வாரேன்" என்றேன். யாருக்குச் சொல்கிறேன் என்று பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் இருந்த வரை தினமும் அங்கே போய்த்தான் சொன்னேன்.