சத்தத்துக்கு ஒரு கேரட்

லாயக்காரருக்கு டயர்க்காரம்மா கொடுக்க வேண்டியது ஒரு குதிரையின் பாதி விலை, அதோடு நாலு மாதத் தீவனக் காசு. கடன் வாங்கி நகை செய்தவர்கள் உண்டு, வீடு கட்டியவர்கள் உண்டு. கடன் சொல்லிக் குதிரை வாங்கிய பொம்பளை அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். நாலாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டு, அடுத்தவன் கடையில் டயர் உருட்டி, பிறகு தன் பேரில் கடை போட்டவள். சொந்தக் காசில், சரி, பாதி சொந்தக் காசில் குதிரை ஏறினால் எவன் கேட்பது?

அந்தப் பெண்குதிரைக்கு சீமாட்டி என்று பேர் வைத்தாள். காகிதம் பறந்தால்கூடப் பாய்ந்து ஓடும் பயந்தாங்கொள்ளி. அதனால்தான் விலை மலிவு. கடை அடைத்ததும் ஊரின் மறுகோடியில் இருந்த லாயத்துக்குப் போய் அரை மணி நேரம் ஏறி வருவாள். அந்த அரை மணிக்காகத்தான் அவள் நாள் முழுக்க ரிம்மோடு மல்லுக்கட்டியது.

அப்போதுதான் வீட்டுக்காரருக்கு வாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. புரட்டிப் படுக்க வைக்கவும், ஊட்டவும், மாத்திரை கொடுக்கவும் ஆள் அவள்தான். லாயத்துக்குப் போக நேரம் ஏது? குதிரையை விற்றுத் தொலை என்றது ஊர். நாத்தனார் நேரிலேயே வந்து கேட்டாள்.

"குதிரைக்குப் புல் போடுற நேரத்துல எங்க அண்ணன் காலைப் பிடிச்சு விடலாமே?"

"உங்க அண்ணன் காலு என் கையிலதான் இருக்கு. நீ வந்து குதிரைக்குப் புல் போடேன்."

அதன் பிறகு நாத்தனாரை ஒரு மாதம் காணோம்.

நாம் குதிரையிடம் போக முடியாவிட்டால் குதிரை நம்மிடம் வரட்டும் என்று முடிவெடுத்தாள். கடைக்குப் பின்னால் தேய்ந்த டயர் அடுக்கியிருந்த முற்றத்தைக் காலி செய்து ஒரு கொட்டகை போட்டாள். முன்னால் கடை, நடுவில் புருஷன் படுத்த அறை, பின்னால் சீமாட்டி. மூன்றும் கூப்பிடு தூரம். காலை மாத்திரைக்குப் பின் அவர் கண்ணயரும் நேரத்தில் தெருவைச் சுற்றி ஏறி வந்துவிடுவாள். படித்த மேனேஜர்கள் இப்படி யோசித்திருப்பார்களா!

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. லாரி டயருக்குக் காற்றடிக்கும்போது, அது ரிம்மின் விளிம்பில் போய் உட்காரும் நொடியில் துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் வரும். முதல் நாளே சீமாட்டி கயிற்றை அறுத்து, தண்ணீர்த் தொட்டியை உதைத்துக் கவிழ்த்து, மூலையில் நடுங்கி நின்றது. படுத்திருந்தவருக்கு மனசு கேட்கவில்லை. டாக்டர் சொன்னாரென்று அவருக்காக வாங்கி வைத்த கேரட்டை இடது கையால் கட்டிலோர ஜன்னல் வழியே நீட்டினார். அன்றிலிருந்து சத்தத்துக்கு ஒரு கேரட்.

கேரட் தீருகிறது, ஆள் தேறவில்லையே என்று பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

"பயந்து ஓடுறதுக்கு லஞ்சமா? இனிமே சத்தம் கேட்டாலே கை நீட்டிக்கிட்டு வந்து நிக்கும்."

"நிக்...கட்டுமே," என்றார் அவர், பாதி வாயால் சிரித்து.

அப்படியேதான் ஆயிற்று. டமார் என்றால் சீமாட்டி ஜன்னலுக்கு வரும். ஜன்னல் மூடியிருந்தால் பக்கத்துச் சந்து வழியாகக் கடைக்கே வந்துவிடும்.

கடனைக் கட்ட வைத்திருந்த கெடு முடிந்த அன்று லாயக்காரர் தன் உயர்ஜாதிக் குதிரைமேல் கம்பீரமாக வந்தார். சீமாட்டியைக் கையோடு பிடித்துப் போவதாக ஏற்பாடு. டயர்க்காரம்மாவுக்குக் கையில் வேலை இருந்தது.

"டிரைவர் காத்திருக்காரு. இந்த டயரை முடிச்சிட்டு வர்றேண்ணே."

"கடன்காரிக்குத் திமிரப் பாரு," என்றார் அவர், இறங்காமலே.

அவள் காற்றைத் திறந்துவிட்டாள். டமார். உயர்ஜாதி இரண்டு காலில் எழுந்து, எஜமானைப் பழைய டியூப் குவியலில் உட்கார வைத்துவிட்டுத் தெருவோடு பறந்தது. சந்திலிருந்து சீமாட்டி ஆடி அசைந்து வந்து, விழுந்தவரின் சட்டைப் பையை மோந்து பார்த்தது.

லாரி டிரைவர் சிரித்து ஓய்ந்து, ஓடிய குதிரையைப் பிடிக்கப் போனான். லாயக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சீமாட்டியையே பார்த்தார். சினிமாவுக்குக் குதிரை அனுப்புவது அவர் பிழைப்பு. போன மாதம் ஒரு சண்டைக் காட்சியில் வேட்டுச் சத்தத்துக்கு அவர் குதிரைகள் சிதறி ஓட, கம்பெனிக்காரன் வேறு ஆள் தேடுகிறான் என்று லாரிக்காரர்கள் சொல்லி அவளுக்கும் தெரியும்.

"என்ன மருந்தும்மா கொடுத்தே?"

"வீட்டுக்காரரு வைத்தியம்."

'கடன்காரி' போய் 'அம்மா' வந்துவிட்டதைக் கவனித்துக்கொண்டாள். அவர் குதிரைகளையும் சத்தத்துக்குப் பழக்கித் தர நிபந்தனை போட்டாள்: பழைய கடன் தள்ளுபடி. ஒவ்வொரு குதிரைக்கும் இவ்வளவு கூலி, பாதி முன்பணம். குதிரைகள் இங்கே வரும், அவள் அங்கே வரமாட்டாள். கேரட் செலவு தனி. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய லாயக்காரர், முன்பணத்தை மட்டும் நாளைக்குத் தருவதாக இழுத்தார்.

"நான் கடன் சொன்னப்போ நீங்க கணக்கு வச்சீங்கண்ணே. எனக்கு அவ்வளவு படிப்பு இல்ல. ரொக்கம்தான்."

கிரீஸ் படிந்த கையை விரித்து நீட்டினாள். லாயக்காரர் விரலில் எச்சில் தொட்டு, நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி அதில் வைத்தார்.